பாலைவனத் துறவிகள் அழுதார்களா?

'அபாத்தேயா' என்ற கிரேக்கச் சொல்லை ஒருவர் வாயால் நான் முதல்முறை கேட்டது ஒரு துக்க வீட்டில். உறவில் ஒரு அக்கா. அவருடைய மகன் சின்ன வயதிலேயே போய்விட்டான். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து நடந்த செபக் கூட்டத்தில் பேச ஒருவர் வந்திருந்தார். இறையியல் படித்தவர், கோர்வையாகப் பேசக்கூடியவர். அக்கா வாய்விட்டு அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, எகிப்தின் பாலைவனத் துறவிகளைப் பற்றி ஆரம்பித்தார். அவர்கள் அபாத்தேயா என்ற நிலையை எட்டியவர்கள், உணர்ச்சியே அற்றுப்போன நிலை அது, பெற்றவர்கள் செத்த செய்தி வந்தாலும் அவர்கள் கண் கலங்காது, நமக்கு அந்த அளவு விசுவாசம் இல்லாததால்தான் இந்த அழுகை என்றார். அக்கா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டம் முடியும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு கண்ணீர் விட்டார் என்ற ஒரு வரியே அந்தப் பேச்சுக்குப் பதில்தான். அது அவருக்கும் தெரிந்திருக்கும். என்னை விடாமல் அரித்தது வேறு ஒன்று. அந்தத் துறவிகளைப் பற்றி அவர் சொன்னது உண்மைதானா? நாளெல்லாம் செபித்தவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அப்படிப்பட்ட வறண்ட இடம்தான் என்றால், அவர்களிடமிருந்து நமக்கு வந்த செபத்தின் மேலேயே சந்தேகம் வரும். மௌனம், தியானம், மனக்காவல் என்று நாம் பேசுகிற எல்லாம் அவர்கள் வழியாக வந்தவை. அதனால் அவர்களையே படிக்க உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முக்கியமான கிரேக்கச் சொற்களை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு படித்தேன்.

முதலில் அந்தப் பேச்சாளருக்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். அவர் எதையும் கற்பனையாகச் சொல்லவில்லை. அபாத்தேயாவைக் கிறிஸ்தவத் துறவறத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் எவாக்ரியுஸ் என்ற நான்காம் நூற்றாண்டுப் பாலைவனத் துறவி. சொல் அவருக்கு முன்பே ஸ்டோயிக் தத்துவவாதிகளிடம் புழங்கியது, அலெக்சாந்திரியாவின் கிளமெந்தும் அதை எடுத்தாண்டார். ஆனால் அதை அன்றாடப் பயிற்சியோடு கோத்துக் கொடுத்தது எவாக்ரியுஸ்தான். 'பிராக்டிகோஸ்' என்று நூறு சிறு பத்திகளில் அவர் எழுதிய கையேட்டின் கடைசிப் பகுதியில் ஒரு துறவியின் கதை வருகிறது. தந்தை இறந்துவிட்டார் என்று ஒருவர் வந்து சொல்ல, துறவி அவரைப் பார்த்து, இறைப்பழி பேசாதே, என் தந்தை சாவில்லாதவர் என்கிறார். அந்தத் துறவி எவாக்ரியுஸேதான் என்று அவருடைய சீடர் பலாதியுஸ் பதிவு செய்திருக்கிறார். துக்க வீட்டில் சொல்லப்பட்டதன் வேர் இங்கேதான் இருக்க வேண்டும். அந்தப் பத்தியை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. பரலோகத் தந்தையைத்தான் அவர் குறிப்பிடுகிறார் என்பது புரிகிறது. செய்தியைச் சுமந்து அவ்வளவு தூரம் பாலைவனத்தில் நடந்து வந்த அந்த மனிதரின் முகம்தான் எனக்கு முன்னால் வருகிறது.

இந்தச் சொல்லைக் கண்டு அந்தக் காலத்திலேயே எரிச்சலடைந்தவர்கள் உண்டு. பெத்லகேமில் இருந்த விவிலிய மொழிபெயர்ப்பாளர் ஜெரோம், தெசிபோன் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், அபாத்தேயா உள்ள மனிதன் ஒன்று கல்லாக இருக்க வேண்டும், இல்லை கடவுளாக இருக்க வேண்டும் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதிவிட்டார். எவாக்ரியுஸின் போதனையை லத்தீனுக்குக் கொண்டுபோன யோவான் காசியான், அந்தச் சொல்லின் இடத்தில் 'இதயத் தூய்மை' என்று மலைப்பொழிவிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வைத்தார். எனவே கல் என்ற குற்றச்சாட்டுக்கு வயது ஆயிரத்து அறுநூறு ஆகிறது. ஒரு மேடைப் பேச்சில் முளைத்ததல்ல அது.

கல்லுக்கு மத்தியானம் தெரியாது

இனி அந்த எவாக்ரியுஸ் யார் என்று பார்க்கலாம். கருங்கடல் ஓரத்துப் பொந்து நாட்டில் இபோரா என்ற ஊரில், 345 வாக்கில் பிறந்தவர். நசியான்சின் கிரெகோரி அவரைத் தியாக்கோன், அதாவது திருத்தொண்டர் ஆக்கினார். திருச்சபையின் 381 பொதுச்சங்கத்தின் காலத்தில் கொன்ஸ்தாந்திநோபிளில் பேர் வாங்கிய வாதத்திறமைசாலி. அங்கே ஓர் உயர் அதிகாரியின் மனைவியோடு மனம் சிக்கிக்கொண்டது. ஒரு கனவில் மிரண்டு கப்பலேறி எருசலேமுக்கு ஓடினார். அங்கும் போய் நல்ல துணி, நாகரிக வாழ்க்கை என்று தடுமாறினார். காய்ச்சலில் மாதக்கணக்காகக் கிடந்தபோது, ஒலிவ மலையில் மடம் நடத்திவந்த மெலானியா என்ற அம்மையார்தான் அவர் வாயிலிருந்து உண்மையை வரவழைத்து எகிப்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே நீத்ரியா என்ற துறவிகள் குடியிருப்பில் 2 ஆண்டு, அதற்கும் உள்ளே பாலைவனத்தில் கெல்லியாவில் 14 ஆண்டு. சுவடிகளைப் படியெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். 399-ல் இறந்தார். இந்த வாழ்க்கையில் கல்லாக இருந்த ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை.

கெல்லியா என்றால் சிற்றறைகள். மணலில் ஒருவர் சத்தம் இன்னொருவருக்குக் கேட்காத தூரத்தில் கட்டிய தனிக் குடில்கள். வாரம் முழுக்கத் தனிமை, சனி ஞாயிறு மட்டும் ஒன்றுகூடல். 1964-ல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன் இந்த இடத்தை அடையாளம் கண்டு சொல்லும்வரை அது மணலுக்குள்தான் கிடந்தது. பிராக்டிகோஸின் கிரேக்க மூலத்தைச் செம்மைப்படுத்திப் பதிப்பித்ததும் அவரும் அவர் துணைவியாரும்தான். அந்தக் குடிலுக்குள் மனிதனுக்கு என்ன ஆகும் என்பதை எவாக்ரியுஸ் எழுதியிருக்கும் விதத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அகேடியா என்ற சோர்வைப் பற்றிய பத்தி அது. காலை பத்து மணிவாக்கில் தொடங்கி மதியம் இரண்டு மணிவரை அது துறவியைச் சூழ்ந்துகொள்ளும். முதலில் சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டுவிட்டது போலிருக்கும். அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பான். எழுந்து வாசலுக்கு வந்து, சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலைப் பார்ப்பான். யாராவது வருகிறார்களா என்று அங்குமிங்கும் பார்ப்பான். அப்புறம் இந்த இடமே பிடிக்காமல் போகும், செய்கிற வேலை பிடிக்காமல் போகும், சகோதரர்களிடம் அன்பே இல்லை, ஆறுதல் சொல்ல நாதியில்லை என்று தோன்றும். சமீபத்தில் யாராவது மனதைப் புண்படுத்தியிருந்தால் அதையும் அது மேலே இழுத்துப் போடும். வேறு ஊரில் பிழைப்பு எளிது, கடவுளை எங்கிருந்தும் தொழலாமே என்று நியாயம் பேசும். வீட்டு நினைப்பும் பழைய வாழ்க்கையும் வரும். இன்னும் எத்தனை வருஷம் இப்படி இருக்கப் போகிறாய் என்று முதுமைவரை நீட்டிக் காட்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்கிறார்: இதைத் தாண்டியவனை உடனே வேறெந்தப் பேயும் தொடராது, போராட்டம் முடிந்ததும் அமைதியும் சொல்லமுடியாத மகிழ்ச்சியும் வரும்.

இப்படி எழுதுகிறவனுக்கு உணர்ச்சி அற்றுப்போயிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதன் ஒவ்வொரு நெளிவையும் உள்ளே உட்கார்ந்து பார்த்தவனின் எழுத்து இது. எந்த எண்ணம் எப்போது வருகிறது, எது எதன் பின்னால் வருகிறது, எது ஓங்குகிறது, எது தணிகிறது என்று கவனித்துக் குறித்துவை என்று துறவிகளுக்கு அவர் தனியாகவே சொல்லியிருக்கிறார். அவருடைய லோகிஸ்மொய், அதாவது மனதைத் தொந்தரவு செய்யும் எண்ணங்கள், எட்டு: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், அகேடியா, வீண்புகழ், அகந்தை. மறைக்கல்வி வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழும் இந்தப் பட்டியலிலிருந்து வந்தவைதான். திருத்தந்தை பெரிய கிரெகோரியார் மாற்றி அடுக்கினார், அகேடியா பிற்காலத்தில் வெறும் சோம்பலாகச் சுருங்கிப்போனது. பாவப் பட்டியலாக ஆனதில் பெரிய இழப்பு ஒன்று நேர்ந்துவிட்டது என்பது என் கருத்து. எவாக்ரியுஸுக்கு இவை பாவங்களே அல்ல, வந்து தட்டுகிறவை. இந்த எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதா வேண்டாமா, உள்ளே கிளர்ச்சியை மூட்டுவதா வேண்டாமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது என்று எட்டையும் வரிசைப்படுத்தும் இடத்திலேயே எழுதிவிடுகிறார். அபாத்தேயா என்று அவர் சொல்வது இந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான். வருவதை வராமல் அடைத்துவிடுவது பற்றி அல்ல.

சரி, கண்ணீர்? செபத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 153 சிறு பத்திகள் கொண்டது. 553-ம் ஆண்டுத் திருச்சபைச் சங்கத்தின் கண்டனத்தோடு அவர் பெயர் கெட்டுப்போனதால், நீலுஸ் என்ற வேறொருவர் பெயரில் ஒளிந்துகொண்டு அது கிரேக்கத்தில் பிழைத்தது. அதன் தொடக்கத்திலேயே முதலில் கண்ணீர் வரம் கேட்டுச் செபி என்கிறார். உள்ளே இருக்கும் முரட்டுத்தனம் பெந்தோஸால் இளகட்டும் என்று காரணமும் கொடுக்கிறார். பெந்தோஸ் தன் பாவத்தை நினைத்து வரும் துக்கம், இறந்தவருக்காக அழுவதல்ல. அதை மறைத்துப் பேசினால் நானும் அந்தப் பேச்சாளரைப் போல ஒரு சொல்லை வளைக்கிறவனாகிவிடுவேன். ஆனாலும் கண்ணீரை விசுவாசக் குறைவின் அடையாளமாக அவர் ஒருபோதும் வைக்கவில்லை. செபத்தின் வாசலிலேயே வைத்திருக்கிறார். சினாய் மலையின் யோவான் கிளிமாக்குஸ் பின்னால் 'ஏணி' என்ற தன் நூலின் முப்பது படிகளில் ஏழாம் படியை முழுக்க இந்தப் பெந்தோஸுக்குக் கொடுத்து, அதை மகிழ்ச்சியைப் பிறப்பிக்கும் துக்கம் என்று அழைத்தார்.

மக்ரினாவின் படுக்கை

இவ்வளவும் படித்த பிறகும் இறந்தவருக்காக அழுவது பற்றிய கேள்வி அப்படியேதான் நின்றது. அதற்கு விடை எகிப்தில் கிடைக்கவில்லை. எவாக்ரியுஸ் பிறந்த இபோராவுக்குப் பக்கத்திலேயே, ஐரிஸ் ஆற்றங்கரையில் அன்னிசா என்ற இடத்தில் கிடைத்தது. பசிலியார், நிசாவின் கிரெகோரி என்ற இரு ஆயர்களின் அக்கா மக்ரினா அங்கே பெண்களுக்கான மடம் ஒன்றை நடத்திவந்தார். (எவாக்ரியுஸைத் தியாக்கோனாக்கிய கிரெகோரி வேறு, இவர் வேறு.) 379-ல், பசிலியார் இறந்து சில மாதங்களில், கிரெகோரி அக்காவைப் பார்க்கப் போகிறார். போன நோக்கத்தையும் வெட்கப்படாமல் எழுதுகிறார். அண்ணனை இழந்த துக்கம், தன்னோடு சேர்ந்து அழ ஓர் ஆள் வேண்டும். போய்ப் பார்த்தால் அக்காவே சாவுப் படுக்கையில் கிடக்கிறார். தரையில் ஒரு பலகை, தலைக்கு இன்னொரு பலகை. கிரெகோரிக்குத் துக்கம் இரண்டு மடங்காகிறது.

மக்ரினா என்ன செய்தார் என்பதுதான் நான் தேடிக்கொண்டிருந்தது. 'ஆன்மாவும் உயிர்த்தெழுதலும் பற்றி' என்ற உரையாடல் நூலின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. தேர்ந்த குதிரைக்காரர் திமிறும் குதிரையைச் சற்றுத் தூரம் அதன் போக்கில் ஓடவிடுவது போல, அக்கா முதலில் தன்னைத் துக்கத்தின் வேகத்தில் போகவிட்டார், பிறகே பேச்சால் கடிவாளத்தைப் பிடித்தார் என்று தம்பி எழுதுகிறார். முதலில் போகவிட்டார். நம்பிக்கையற்றவர்களைப் போல் துயரப்படாதே என்ற பவுலின் சொல் அதற்குப் பின்னால்தான் வருகிறது. அதைக் கேட்டும் கிரெகோரி அடங்கவில்லை, உள்ளம் கொதித்துக்கொண்டே, சாவைக் கண்டு எல்லா உயிரும் மிரள்கிறதே, எப்படி முடியும் என்று எதிர்த்துக் கேட்கிறார். மூச்சுத் திணறுகிற அந்தப் பெண் அவரை அதட்டவில்லை. உன் மனதில் இருக்கிற எதிர்வாதம் எல்லாவற்றையும் எடுத்து வை என்கிறார். மரணத்தைப் பற்றி ஆதித் திருச்சபை எழுதியவற்றில் மிக ஆழமான நூல்களில் ஒன்று இப்படி ஓர் அழுகையை நடக்கவிட்டதால் பிறந்திருக்கிறது.

அதே உரையாடலின் நடுவில் உணர்ச்சிகளைப் பற்றிய வாக்குவாதம் வருகிறது. ஆசையும் சினமும் ஆன்மாவின் இயல்பைச் சேர்ந்தவை அல்ல, தோலில் முளைக்கும் மருக்கள் போன்றவை என்று மக்ரினா தொடங்குகிறார். கிரெகோரி விடவில்லை. தானியேலை ஆசைக்காகவே வேதம் புகழ்கிறது, பினகாசுவைச் சினத்துக்காகப் புகழ்கிறது, ஞானத்தின் தொடக்கம் அச்சம் என்கிறது, மீட்புக்கு வழிகாட்டும் துயரம் என்று பவுலே சொல்கிறாரே என்று அடுக்குகிறார். அப்போது மக்ரினா தன் வாதத்தின் வரிசை சரியில்லை என்று ஏற்றுக்கொண்டு திருத்துகிறார். கொல்லன் கையில் இரும்பு வாளும் ஆகும், உழவுக் கருவியும் ஆகும், இந்த உந்துதல்களும் அப்படித்தான், பயன்படுத்துகிறவரின் விருப்பம் எதுவோ அதன்படி நன்மையாகவோ தீமையாகவோ ஆகின்றன என்கிறார். சாகக் கிடக்கும்போதும் தம்பி சொன்னதைக் கேட்டுத் தன் வாதத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்த அந்த மனமே எனக்கு அபாத்தேயாவின் நல்ல உதாரணமாகத் தெரிகிறது.

மக்ரினா இறந்த அன்று நடந்ததையும் கிரெகோரி அவருடைய வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் சொல்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடியே தம்பிதான் கண்களை மூடிவிடுகிறார். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த மடத்துப் பெண்கள் எங்கள் கண்ணின் விளக்கு அணைந்துபோனதே என்று ஓவென்று அலறுகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த கிரெகோரியும் வெள்ளத்தில் அகப்பட்டவர் போல ஆகி, முழுக்க அழுகைக்கு இடம் கொடுக்கிறார். அவர்களுடைய துக்கம் நியாயமானது என்றும் எழுதுகிறார். அதற்குப் பிறகே அவர் குரலை உயர்த்துகிறார். கண்ணீருக்கு மக்ரினா நமக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார், அது செபத்தின் நேரம், இந்த அழுகையைத் திருப்பாடலாக மாற்றுங்கள் என்கிறார். அப்படியே ஒப்பாரி பாடலாகிறது. இவர் ஒரு ஆயர், மடத்துப் பெண்கள் சூழ்ந்து நிற்கிற இடம் அது. அழுததை மறைத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் வேறெதையும் படிக்கவில்லை.

ஆசை நிற்பதில்லை

கிரெகோரியைத் தொடர்ந்து படித்தால் கல் என்ற படிமம் முற்றிலும் நொறுங்கிவிடுகிறது. அவருக்கு இறைவனை நோக்கிய பயணத்தில் ஆசைக்கு முடிவே கிடையாது. மோசேயின் வாழ்வைப் பற்றிய நூலில், மோசே முதலில் முட்புதரின் ஒளியிலும், பிறகு மேகத்திலும், கடைசியில் சினாயின் காரிருளிலும் கடவுளைச் சந்திக்கிறார். இவ்வளவு பார்த்த பிறகும் உம் மாட்சியை எனக்குக் காட்டும் என்று கேட்கிறார். கடவுளைக் காண்பது என்றால் அவரைக் காணும் ஆசை ஒருபோதும் தீராமல் இருப்பதுதான் என்பது கிரெகோரியின் முடிவு. பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல், முன்னால் இருப்பதை நோக்கி எட்டி ஓடுவதாகச் சொல்கிறாரே, அந்தக் கிரேக்க வினையிலிருந்துதான் இந்தத் தீராத ஆசைக்கு இன்று 'எபெக்டாசிஸ்' என்று பேர் சொல்கிறார்கள். இதே கிரெகோரி அபாத்தேயாவையும் போற்றி எழுதுகிறார். இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருக்க முடியும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் போத்திகே ஊர் ஆயர் தியாதோக்குஸ் 'அபாத்தேயாவின் நெருப்பு' என்று எழுதினார். ஜெரோம் கல் என்றதை இவர் நெருப்பு என்கிறார். உள்ளே இருந்து அறிந்து எழுதியவர் யார் என்று கேட்டால் நான் தியாதோக்குஸ் பக்கம்தான்.

எவாக்ரியுஸுக்கே திரும்பினாலும், அபாத்தேயா கடைசி நிறுத்தம் அல்ல. அகாப்பே, அதாவது அன்பு, அபாத்தேயாவின் பிள்ளை என்று அவர் எழுதுகிறார். கிளிமாக்குஸும் இருபத்தொன்பதாம் படியில் அபாத்தேயாவை வைத்து, முப்பதாவதில் அன்பை வைத்தார். இந்த வரிசையை விட்டுவிட்டு இருபத்தொன்பதாம் படியிலேயே ஏணியை ஒடித்துவிடுகிறவர்கள்தான் அதைத் துக்கத்தில் இருப்பவர்களின் தலையில் போடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான். ஒருவர் தன்மேல் வைத்துப் பார்க்க வேண்டிய அளவுகோல் அது. எவாக்ரியுஸ் கொடுக்கும் சோதனைகள் எல்லாமே தனக்குத்தானே செய்துகொள்பவை. கனவில் வரும் உருவங்களைக் கண்டு கலங்காமல் இருக்கிறாயா? நடந்தவை நடந்தபோது மட்டுமல்ல, அவற்றின் நினைவு வரும்போதும் அமைதியாக இருக்கிறாயா? உனக்குத் தீங்கு செய்த சகோதரனைப் பழிவாங்க நீ செய்ததெல்லாம் செபிக்கும்போது உன் கண்முன் வந்து நிற்கிறதா? அடுத்தவர் கண்ணீரை அளக்க இதில் ஒரு கேள்வியும் இல்லை.

கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் வைத்தியம்தான் எனக்கு இவரை மறுபடி பிடித்துப்போகச் செய்தது. மனக்கசப்பு ஒரு அன்பளிப்பில் அணைந்துபோகும் என்கிறார். நானூறு பேரோடு எதிரே வந்த ஏசாவை யாக்கோபு அன்பளிப்பு அனுப்பித்தானே சமாதானப்படுத்தினார் என்று ஆதியாகமத்தைக் காட்டுகிறார். அடுத்து, நாமோ ஏழைகள், கொடுக்க ஒன்றும் இல்லை, அதனால் சாப்பாடு போட்டு அந்தக் குறையை நிரப்ப வேண்டும் என்று எழுதுகிறார். எழுதியவருடைய சாப்பாடு என்னவென்று பலாதியுஸ் சொல்லியிருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் ரொட்டி, எண்ணெய் மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஒரே ஒரு சிறு அளவை. அந்த எண்ணெயை மனஸ்தாபம் உள்ள ஆளுக்கு ஊற்றச் சொல்கிறார்.